மெழுகுவர்த்தி வெயிலில் வளைகிறது: வழி சொல்லி உதவுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகரில் வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்து, புதுச்சேரியில் மாதா கோயில் அருகேயுள்ள கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். பாரஃபின் மெழுகு, தரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 46 முதல் 68 டிகிரி செல்சியசுக்குள் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடுவதால், கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி வைத்த நீள வர்த்திகள் தலை கவிழ்ந்துவிடுகின்றன. (வளைந்தவை வீணாவதில்லை, இறுகிப்போன மேசை இழுப்பறையிலும் பூத்தொடுக்கும் நூலிலும் தேய்க்க உதவுகின்றன.) தேன்மெழுகு ஏறத்தாழ 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், விலைதான் கட்டுப்படியாகாது. ஸ்டியரிக் அமிலம் (கொழுப்பிலிருந்து எடுக்கப்படும், மெழுகு போன்ற பொருள்) கலந்தால் வர்த்தி இறுகும், அச்சிலிருந்தும் எளிதில் கழன்று வரும் என்பதை அறிவேன். ஒரு கிலோ மெழுகுக்கு எத்தனை கிராம் சேர்ப்பது, அதற்கேற்பத் திரியின் தடிமனையும் மாற்ற வேண்டுமா என்பதை, இந்தக் கடற்கரை வெக்கையில் வார்த்துப் பழகியவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.