ஸ்ரீபுரந்தான் நடராசர் திருட்டை ஒரே தாளில் விளக்குவது எப்படி?

சுவர்த்தாள்:

வணக்கம். உலகப் பாரம்பரிய வாரத்தையொட்டி எங்கள் பள்ளியில் நடைபெறவுள்ள கண்காட்சிக்காக, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் செப்புத்திருமேனியைப் பற்றி ஏ2 அளவில் ஓர் இன்ஃபோகிராஃபிக் தயாரித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் நின்று படிப்பதற்கானது.

இப்போதுள்ள வரைவில் நடுவே ஓர் உலக வரைபடம் இருக்கிறது. ஸ்ரீபுரந்தானிலிருந்து சென்னை, அங்கிருந்து நியூயார்க், பிறகு கான்பெரா, இறுதியாகப் புதுடெல்லி என்று அம்புக்குறிகள் செல்கின்றன. ஓரத்தில் முகமூடி அணிந்த திருடனின் நிழலுருவமும், கீழே சிலை விற்கப்பட்ட விலையான ‘50 லட்சம் டாலர்’ என்ற பெரிய எழுத்தும் உள்ளன. பார்வைக்கு நன்றாக இருந்தாலும், இதைப் படிக்கும் மாணவருக்குச் சிலை எங்கெங்கே போனது என்பது மட்டுமே தெரிகிறது. கோயில் சிலை ஒன்று ஒரு நாட்டின் தேசியக் கலைக்கூடத்துக்குள் எப்படி நுழைய முடிந்தது என்பது தெரியவில்லை. இந்த நடராசர் இந்தியாவுக்குத் திரும்பிய அதே நாளில் திருப்பி அளிக்கப்பட்ட விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் சிலையையும் சேர்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். வடிவமைப்பில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோட்டோவியன்:

உங்கள் ஐயம் சரியானது. வரைபடத்தை மூலையில் சிறியதாக ஒதுக்கிவிடுங்கள். இந்தத் திருட்டின் உயிர்நாடி பயணப் பாதையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பூசை குறைந்து பெரும்பாலும் பூட்டியே கிடந்த ஒரு கிராமக் கோயிலிலிருந்து 2006-இல் சிலையை எடுத்துச் செல்ல பெருந்திறமை எதுவும் தேவைப்படவில்லை. திறமை முழுவதும் அதற்குப் பொய்யான ஒரு கடந்த காலத்தை எழுதியதில்தான் இருந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெல்லியில் வாங்கப்பட்டு, பிறகு அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்தது என்று சிலையோடு காட்டப்பட்ட பொய் ஆவணங்கள் கூறின. அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவானது. இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அவற்றுக்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறிய பொருள் என்று காட்டிவிட்டால், வாங்குபவரின் கேள்விகள் பெருமளவு குறைந்துவிடும்.

ஆகவே தாளைக் கிடைமட்டமாக வைத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு காலக்கோடுகளை வரையுங்கள். மேலே உள்ளது ‘ஆவணம் சொன்னது’, கீழே உள்ளது ‘நடந்தது’. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். ஏ2 தாளின் அகலம் 594 மி.மீ. என்பதால், ஓர் ஆண்டுக்கு 12 மி.மீ. என்று கொண்டால் 1970 முதல் 2014 வரை 528 மி.மீ.-இல் அடங்கிவிடும். மேல்கோடு 1970-இலிருந்தே அமெரிக்காவை நோக்கிச் செல்லும். கீழ்க்கோட்டில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1994-ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் அதே நடராசர் ஸ்ரீபுரந்தானில் இருப்பார். அந்த ஆண்டில் இரு கோடுகளையும் வெட்டும்படி செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். ஒரே சிலை ஒரே ஆண்டில் இரண்டு கண்டங்களில் இருக்க முடியாது என்பதை மாணவர் எவர் உதவியும் இல்லாமல் அந்த இடத்தில் கண்டுகொள்வார்.

அளவுகோலை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். 1994-க்கும் 2006-க்கும் இடையே 144 மி.மீ. வரும். 2006-க்கும், கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை வாங்கிய 2008-க்கும் இடையே வெறும் 24 மி.மீ.தான் வரும். கருவறை வளாகத்திலிருந்து கலைக்கூடம்வரை சிலை எவ்வளவு விரைவாகக் கைமாறியது என்பதை அந்தச் சிறு இடைவெளியே காட்டிவிடும். எழுத்து கொள்ளவில்லை என்று அதை அகட்டிவிட்டால் படம் சொல்ல வந்ததே அழிந்துபோகும். குறிப்பை வெளியே வைத்து ஒரு மெல்லிய கோட்டால் இணையுங்கள். சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றுவதற்காகக் கோயிலைத் திறந்தபோது அவை காணாமற்போனது வெளிப்பட்டதும் அதே 2008-இல்தான் என்பதால், அந்த ஆண்டின்மேல் இரண்டு குறிப்புகள் வரும்.

திருடனின் நிழலுருவத்தை நீக்கிவிடுங்கள். பூட்டை உடைத்தவர் ஒருவர் மட்டுமே குற்றவாளி என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. பொய் ஆவணத்தை எழுதியவரும், அதைப் போதிய அளவு சோதிக்காமல் பணம் கொடுத்தவரும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். விலையைச் சாதாரண அளவு எழுத்தில் 2008-இன் அருகே குறிப்பிட்டால் போதும், இன்றைய மதிப்பில் ரூபாயாக மாற்றிக் காட்ட வேண்டாம். அர்த்தநாரீசுவரர், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் வாங்கிய சிலை. அதற்குத் தனித் தாள் போடுங்கள்.

சட்டநோக்கு:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும், அது பள்ளிச் சுவரில் ஒட்டப்படும் தாளுக்கு மிகவும் முக்கியமானது. சிலையை விற்றவர் நியூயார்க்கில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கலைக்கூடத்தை நடத்திய சுபாஷ் கபூர். அவர் 2011-இல் ஜெர்மனியில் கைதாகி, 2012-இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலைகள் தொடர்பான வழக்கில் வந்தது. ஸ்ரீபுரந்தான் காலக்கோட்டின் முடிவில் அதைப் பொருத்தினால், இந்த நடராசருக்காகத்தான் அவர் தண்டிக்கப்பட்டார் என்று படிப்பவர் பொருள்கொள்வார். கோட்டை 2014 செப்டம்பர் 5-இல், அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுடெல்லியில் சிலையை ஒப்படைத்த நாளில் நிறுத்துங்கள். தீர்ப்பைத் தனிப் பெட்டியில், வழக்கின் பெயரோடு எழுதுங்கள்.

சுவர்த்தாள்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரட்டைக் கோட்டு வரைவை இன்றே தொடங்கிவிட்டேன். 1994-இன் சிவப்புக் கோட்டைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், நான் விளக்குவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத்தை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தலாமா? மேலும், நான் பயன்படுத்தும் மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன.

பித்தளைப்பேனா:

புகைப்படத்துக்கு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். அது வரும்வரை, படத்தைப் பார்த்துக் கோட்டோவியம் ஒன்றை நீங்களே வரையலாம். சடையின் விரிவு, திருவாசியின் சுடர்கள், பீடத்தின் விளிம்பு ஆகியவற்றைக் கவனமாக வரையுங்கள், ஏனெனில் பழைய படத்தையும் கண்டெடுத்த சிலையையும் ஒப்பிடுபவர்கள் இத்தகைய நுணுக்கங்களில்தான் ஊன்றிப் பார்க்கிறார்கள். திருமேனியின்மீது அம்புக்குறியோ எண்ணோ வராமல், குறிப்புகளைத் திருவாசிக்கு வெளியே வையுங்கள். கோயிலில் வணங்கப்பட்ட மூர்த்தி என்ற நினைவு வடிவமைப்பிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்துச் சிக்கலுக்கு: அடோபி மென்பொருளாக இருந்தால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடு தமிழ் சரியாகவே வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகிய இரண்டும் சுவர்த்தாளுக்கு ஏற்ற எழுத்துருக்கள். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள். அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பும் முன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட்டு, ஏ4 தாளில் ஒரு படி எடுத்து, ‘கோ’, ‘யோ’, ‘ஸ்ரீ’ ஆகியவை சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.