'சுருக்கத் தடயச் சான்று' வேண்டாம், 'முடிபறிக்கை' என்போம்

தடய அறிவியல் ஆய்வகம் முடிபை மட்டும் எழுதித் தரும் அறிக்கைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'சுருக்கத் தடயச் சான்று' என்ற பரிந்துரை வந்திருக்கிறது; அதை என்னால் ஏற்க முடியவில்லை. சுருக்கம் என்றால் முழுசும் எங்கோ இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அமெரிக்காவின் மத்திய சாட்சிய விதி 1006 பேசுவது அந்த மாதிரிச் சுருக்கத்தைத்தான். மலைபோன்ற கணக்கு ஏடுகளை ஒரு அட்டவணையாக்கித் தரலாம், ஆனால் மூல ஆவணங்களை எதிர்த்தரப்பு பார்க்க விட்டாக வேண்டும். சரி, அதற்குத் 'தொகுப்புச் சான்று' பொருந்தும்.

நம் தடய அறிவியல் ஆய்வக அறிக்கை அப்படியில்லை. இந்தப் பொருளில் மனித ரத்தம், அந்தப் பொருளின் டி.என்.ஏ. இன்னாருடையதோடு பொருந்துகிறது, கீழே கையெழுத்தும் முத்திரையும். பல வழக்குகளில் இவ்வளவுதான் வருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 329) அரசு நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள விடுகிறது. நீதிமன்றம் நினைத்தால் அவரை அழைக்கலாம். யாரும் அழைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போவது அந்தத் தாள் மட்டும்தான். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்கப் பழைய சட்டத்தின் 391-ஆம் பிரிவு வழி விட்டாலும் அதுவும் நீதிமன்றத்தின் விருப்பம்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2012 டெல்லி சாவ்லா வழக்கில் (ஓர் இளம்பெண்ணைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கு) மூவருக்கு விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27 வரை காவல் நிலையப் பொருள் காப்பறையில் கிடந்திருக்கின்றன. டி.என்.ஏ. முடிவுக்கு என்ன அடிப்படை, முறைகள் நம்பகமாகக் கையாளப்பட்டனவா என்று கீழே இருந்த இரண்டு நீதிமன்றங்களும் ஆராயவே இல்லை என்று தீர்ப்பு சொல்கிறது. வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன, ஆனால் இது பெரிய ஓட்டை.

அதனால்தான் 'முடிபறிக்கை' என்கிறேன்: முடிபை மட்டும் சொல்லி, அதற்கு வந்த வழியைச் சொல்லாத அறிக்கை. 'முடிவறிக்கை' என்று வைத்தால் போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையோடு குழம்பிவிடும். அப்புறம், 'ஏற்புடைமை'யையும் (சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்பது) 'சான்று மதிப்பை'யும் (எடுத்துக்கொண்டதை எவ்வளவு நம்பலாம் என்பது) தயவுசெய்து கலைச்சொல் பட்டியலில் ஒரே பதிவில் போட்டுவிடாதீர்கள். 293 முன்னதை மட்டும்தான் தீர்க்கிறது, சாவ்லா தீர்ப்பு உடைத்தது பின்னதை.