பொருள்: 'சிவெரிட்டி'க்கு (severity) என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)
(குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப்பெயரில் எழுதுகிறார்கள்.)

காரைக்குடி:
வணக்கம். கைப்பேசிச் செயலிச் சோதனைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'பக்' (bug, மென்பொருள் பிழை) வழு, 'பிரையாரிட்டி' முன்னுரிமை, அதில் தகராறில்லை. 'சிவெரிட்டி' மட்டும் தீவிரம், கடுமை, பாதிப்பு என்று மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கிடக்கிறது. முகப்பில் கடைப்பெயர் பிழையாக விழுந்தாலும் செயலி ஓடும். ஆனால் இன்றே திருத்தியாக வேண்டும். வழு எவ்வளவு கெடுக்கிறது என்பது வேறு, எவ்வளவு விரைவில் திருத்தவேண்டும் என்பது வேறு: இந்த வேறுபாடு மாணவருக்கு விளங்கவேண்டும்.

தேவகோட்டை:
தீவிரம் வடசொல். 'வாதி' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வழுக்கடுமை என்க. திருத்தாமல் விட்டுவைக்கும் வழுவுக்கு இலக்கணத்தின் வழுவமைதி இருக்கவே இருக்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்றால் உவப்பினால் ஏற்கவில்லையா?

கானாடுகாத்தான்:
வழு, வழுவு, வழுக்கு எல்லாம் ஒரே வேர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய நம்மூர்ச் சுவரின் வழுவழுப்பும் அதுதான். ஆகவே சறுக்களவு.

காரைக்குடி:
ஐயா, சுவர் இருக்கட்டும். கையேடு?

பள்ளத்தூர்:
பாதிப்பு கூடாது. எத்தனை பேருக்கு என்ற கேள்வி அதற்குள் நுழைந்துவிடும். 2016-இல் வெளிப்பட்ட ஐபோன் வழுவைப் பாருங்கள். தேதியை 1970 ஜனவரி 1 என்று வைத்து அணைத்துப் போட்டால் கருவி எழும்பாது. 64 பிட் கருவிகளில் மட்டும். கடுமை உச்சம். ஆனால் பெரும்பாலும் தேதியை யாராவது கையால் மாற்றினால்தான் வரும், வாய்ப்புக் குறைவு. 2018-இல் ஐஓஎஸ் 11.2.5-இல் வந்தது நேரெதிர். ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் வந்தாலே செயலி விழும். அறிவிப்பில் வந்தால் முகப்புத் திரையும் சேர்ந்து விழும். கருவி செத்துப்போகாது, ஆனால் அதை எவரும் அனுப்பலாம். 11.2.6-இல் சரிசெய்தார்கள். கடுமை, வாய்ப்பு, முன்னுரிமை: மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

கோட்டையூர்:
எண்ணாகவே கொடுத்தால் என்ன? சி.வி.எஸ்.எஸ். (CVSS) என்ற மதிப்பெண் முறையில் 0.1–3.9 குறைவு, 4.0–6.9 நடுத்தரம், 7.0–8.9 மிகுதி, 9.0–10.0 நெருக்கடி. வழுப்புள்ளி எனலாம்.

தேவகோட்டை:
அண்ணே, நம்மூரில் புள்ளி என்றால் கோயில் வரி கட்டும் குடும்பக் கணக்கு. வழுப்புள்ளி என்றால் யார் வீட்டைச் சொல்கிறார்கள் என்று கேட்பார்கள்.

பள்ளத்தூர்:
அதோடு, அது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அளவுகோல். பொத்தானுக்குள் தமிழ் எழுத்து வெட்டுப்படுவதற்கு அதில் மதிப்பெண் போட முடியாது.

கோட்டையூர்:
ஒப்புக்கொள்கிறேன். புள்ளி என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு. பெரும்புள்ளி என்று புகழவும் செய்கிறோமே.

கானாடுகாத்தான்:
கடுமை என்றால் கடுகு, கடுப்பு, கடுஞ்சொல்…

காரைக்குடி:
போதும் ஐயா. கடுமைக்கு மூவர், தீவிரத்துக்கு ஒருவர் (நானேதான்), சறுக்களவுக்கு ஒருவர். 'கடுமை' என்று அச்சேற்றுகிறேன். நிலைகள் நான்கு: கருவி முடங்குதல் அல்லது தரவு அழிதல், முக்கியப் பணி நடவாமை, மாற்றுவழியில் நடத்தல், தோற்றப்பிழை. அட்டவணைத் தலைப்பில் வழுக்கடுமை அடங்காது, கடுமை மட்டும்.

தேவகோட்டை:
அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், சொல்லை அல்ல. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.