மண்டபம் பக்கத்துப் பள்ளி லேப்: விடுமுறை முடிந்து திறந்தால் பாதிக் கணினி பீப் அடிக்கிறது

கேள்வி (கடற்கரைப் பள்ளி ஆசிரியை):

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி லேப். கடல் அரைக் கிலோமீட்டருக்குள். மொத்தம் 20 டெஸ்க்டாப், எல்லாம் 4 ஜிபி ரேம். அரையாண்டு விடுமுறைக்குப் பூட்டி வைத்துவிட்டுத் திறந்ததும் நிலவரம் இது:

9 கணினிகளில் ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை நீளமான பீப்பை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கின்றன. 4 கணினிகள் ஓடுகின்றன, ஆனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கிறது. வேறு சிலவற்றில் கேபினட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுருக்கென்று ஷாக்.

பார்க்க வந்தவர் ஒன்பதுக்கும் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அதற்குப் பள்ளியில் பணம் இல்லை. பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, 38 பிள்ளைகள். உண்மையிலேயே போர்டு போனதா என்று நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா? இருக்கிற கணினிகளை வைத்துப் பைத்தான் பயிற்சியை எப்படி நடத்துவது?

பதில் 1 (கீழக்கரை சர்வீஸ்):

டீச்சர், பீப் அடிக்குதுன்னா போர்டு உயிரோடதான் இருக்கு. ரேம் தன் கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்றதுக்குத்தான் பெரும்பாலான போர்டு அந்த நீள பீப்பை அடிக்கும். செத்த போர்டு சத்தமே போடாது. உறுதிப்படுத்திக்க ஒரு சோதனை இருக்கு. கரண்ட் வயரைப் பிடுங்கிட்டு ரேம் முழுசையும் கழட்டுங்க. திரும்ப வயரைச் செருகி ஆன் பண்ணுங்க. அதே மாதிரி பீப் அடிச்சா போர்டும் பிராசசரும் வேலை செய்யுது, கோளாறு ரேமிலயோ ஸ்லாட்டிலயோதான். ரேம் இல்லாதப்பவும் சத்தமே வரலைன்னாதான் போர்டு மேல சந்தேகப்படணும். அப்பவும் முதல்ல பஸர் இருக்கான்னு பாருங்க. பல போர்டுல அது தனியா நாலு பின்னுல செருகுற சின்ன சாமான், கழண்டே போயிருக்கும்.

சுத்தம் பண்ற முறை. வயரைப் பிடுங்குங்க, பவர் பட்டனை 10 செகண்டு அமுக்கிப் பிடிச்சு மிச்ச கரண்டை இறக்குங்க. புளோவரால தூசியை ஊதுங்க. ஊதும்போது ஃபேன் சுத்தாம ஒரு பென்சிலைக் குறுக்க வையுங்க. பஞ்சர் கடை கம்ப்ரசர் காத்து வேண்டாம், அதுல தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும். ரேமோட தங்க நிறப் பல்லுல கருப்புப் புள்ளியோ பச்சைப் புள்ளியோ இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, நூல் பிரியாத துணியில தொட்டு, பல்லு இருக்கிற திசையிலேயே மேலிருந்து கீழே துடைங்க. கை கழுவுற சானிடைசர் வேண்டவே வேண்டாம். அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கும், காஞ்ச பிறகு பிசுபிசுப்பு தங்கிடும். தின்னர், பெட்ரோல் ரெண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னுடும்.

ரப்பரால அழிக்கிற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. அந்தத் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். அழுத்தித் தேய்ச்சா பூச்சு போய், அடியில இருக்கிற நிக்கலும் செம்பும் வெளியே வந்துடும். அதுக்கப்புறம் நம்ம கடக்கரைக் காத்துல ஒவ்வொரு மாசமும் பச்சை பிடிக்கும். கறை போகவே இல்லைன்னா மட்டும் மெதுவான வெள்ளை ரப்பர், ரெண்டே இழுப்பு. ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள்ள விழக் கூடாது.

ஸ்லாட்டை விட்டுடாதீங்க. புது டூத் பிரஷ்ஷை ஆல்கஹால்ல நனைச்சு, உள்ளே நீளவாக்குல நாலஞ்சு தடவை ஓட்டுங்க. கால் மணி நேரம் காயவிட்டு, ஒரே ஒரு ரேமை மாட்டுங்க. ரெண்டு பக்கக் கொக்கியும் தானா டக்குன்னு விழணும். விழலைன்னா ரேம் முழுசா உட்காரலைன்னு அர்த்தம்.

தேதி பின்னாடி போறதுக்குக் காரணம் சிஆர்2032 பேட்டரி. புதுசுல 3 வோல்ட்டுக்கு மேல காட்டும், 2.8க்குக் கீழே வந்தா மாத்திடுங்க. பேட்டரியைப் பிடிச்சிருக்கிற தகடும் கருத்திருக்கும், அதையும் துடைங்க, இல்லைன்னா புதுப் பேட்டரி போட்டும் அதே கதைதான். பிரவுசர் பயமுறுத்துறதும் இதாலதான். தளத்தோட சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் தேதி இருக்கும், உங்க கணினி அதுக்கு முன்னாடி இருக்கிறதா நினைச்சுக்குது. பேட்டரி மாத்தினதும் பயாஸுக்குள்ள (கணினி தொடங்கும்போது வர்ற அமைப்புத் திரை) போய் சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோட பேசுற முறை) முன்ன இருந்த மாதிரியே இருக்கான்னு பாருங்க. ஏஹெச்சிஐ-ல இருந்தது ஐடிஇ-க்கு மாறியிருந்தா விண்டோஸ் நீலத் திரையோட நின்னுடும். ஹார்டு டிஸ்க் போச்சுன்னு நினைச்சு ஃபார்மட் அடிச்சிடாதீங்க.

பதில் 2 (தொண்டி வயர்மேன்):

மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன்னால் ஷாக் விஷயத்தை முடியுங்கள் மேடம். அதுவரை பிள்ளைகளை லேபுக்குள் விட வேண்டாம்.

எர்த் கிடைக்காத கணினியில் கேபினட் மேல் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் வழியில் இரண்டு சிறு கபாசிட்டர்கள் ஃபேஸுக்கும் கேபினட்டுக்கும், நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவே இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230இல் பாதி கேபினட்டில் தேங்கும். கசிவு சிறியது என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகி ஃபேஸே கேபினட்டைத் தொட்டால், காப்பாற்ற எதுவும் இல்லை.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து பிளக் பாயிண்டில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதை ஒட்டியே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கண்டபடி ஆடினாலோ பத்து, நூறு என்று போனாலோ எர்த் அறுந்திருக்கிறது. முதலில் ஸ்பைக் பஸ்டரை (பல பிளக் செருகும் நீட்டிப்புப் பலகை) பிரித்துப் பாருங்கள். மலிவானவற்றில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான், உள்ளே வயரே இருக்காது. அடுத்து எர்த் குழி. நம் பக்கம் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் தலையில் இருக்கும் கிளாம்பும் நட்டும் உப்பில் அரித்துப்போய் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் நட்டுப் போட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவச் சொல்லுங்கள். குழாயே இற்றுப்போயிருந்தால் செம்பு பூசிய ராடும் பெண்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) கலவையும் போடுவதுதான் மணல் தரையில் நிற்கும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், மணல் காய்ந்தால் எர்த் பலமிழக்கும்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் இதைச் செய்ய வேண்டும். பிளக்குக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஷாக் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். நியூட்ரல் ஒரு இடத்தில் அறுந்தால் எல்லாக் கேபினட்டிலும் முழு 230 ஏறிவிடும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். இருபதையும் ஒரே ஆர்சிசிபியில் கட்டினால் எல்லாக் கசிவும் சேர்ந்து சும்மா சும்மா விழும். ஏழு, ஏழு, ஆறு என்று மூன்றாகப் பிரியுங்கள்.

பதில் 3 (சாயல்குடி ஹார்டுவேர்):

கீழக்கரை அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். உப்பு ஆல்கஹாலில் கரையாது. எண்ணெய்ப் பசையும் அழுக்கும் போகும், உப்பு அங்கேயே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் துடைத்த கணினி ஒரு மாதத்தில் மறுபடி பீப் அடிக்கிறது. முதலில் டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் ரேம் பல்லைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆல்கஹால், அது தண்ணீரை விரட்டிவிடும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் போதும். பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி பாட்டிலில் வரும், லேபிளைப் படித்து வாங்குங்கள். இராமநாதபுரம் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது.

போர்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் இதே முறைதான். பயாஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால், ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும், வயரைப் பிடுங்கிய பிறகும்.

விடுமுறையில் ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பது இதனால்தான். ரேம் பல்லில் படிந்த உப்புத்தூசியும் அப்படியே ஒரு உப்புநீர்ப் படலமாகிறது. கணினி ஓடும்போது உள்ளே சூடு இருப்பதால் படலம் காய்ந்துபோகும். பூட்டிக் கிடந்தால் இரவும் பகலும் அரிக்கும். ஆக, ஓடாத கணினிதான் நம் கரையில் சீக்கிரம் கெடுகிறது. விடுமுறையிலும் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரமாவது எல்லாவற்றையும் ஓடவிட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர் (நான்கு நாள் கழித்து):

எர்த் குழியில் கிளாம்பு கையோடு வந்துவிட்டது. புது ராடு அடித்தாயிற்று, நியூட்ரல்-எர்த் இப்போது 1.4 வோல்ட். ஒன்பதில் ஏழு கணினிகள் எழுந்துவிட்டன! பேட்டரி மாற்றிய நான்கும் சரி. மீதி இரண்டில் ரேம் இல்லாமலும் சத்தம் இல்லை, பஸர் மாட்டிப் பார்த்தும் இல்லை. இன்னொன்று, ஐந்து கணினிகளில் நெட்வொர்க் வரவில்லை, மூன்றில் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பயிற்சி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 4 (கீழக்கரை சர்வீஸ்):

அந்த ரெண்டையும் உதிரிக்கு வச்சுக்குங்க டீச்சர். ரேம், எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் எல்லாம் உதவும். கழட்டின ரேமை சிலிக்கா ஜெல்லோட காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. போர்டையும் தூக்கிப் போடாதீங்க, பிளஸ் ஒன் பிள்ளைங்க கையில குடுத்து ரேமைக் கழட்டி மாட்டப் பழக்கலாம். படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்றதைவிட அது மேல்.

நெட்வொர்க்குக்கு: கேபிள்ல நாலு ஜோடி. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நாலும் வேணும், 100க்கு 1, 2, 3, 6ன்னு நாலு கம்பி போதும். வேகம் குறைஞ்ச மூணுலயும் 4, 5, 7, 8ல ஏதோ ஒரு பின் அரிச்சிருக்கு. சுத்தமா வராத அஞ்சுல 1, 2, 3, 6ல ஒண்ணு. கேபிள் முனையில இருக்கிற ஆர்ஜே45 தலையை வெட்டிப் புதுசு அடிங்க. வெட்டும்போது உள்ள கம்பி வெள்ளையா, சட்டுன்னு ஒடியுதான்னு பாருங்க. அப்படின்னா அது செம்பு பூசின அலுமினியம், இந்தக் காத்துல நிக்காது. அந்த இழுப்பையே முழுச் செம்புக் கேபிளா மாத்துறதுதான் வழி.

பதில் 5 (தேவிபட்டினம் கணினி ஆசிரியர்):

18 கணினி, 38 பேர் என்றால் இரண்டிரண்டு பேராகவும், இரண்டு இடத்தில் மட்டும் மூவராகவும் உட்கார வையுங்கள் மேடம். ஒருவர் தட்டச்சு, மற்றவர் வரி வரியாகச் சொல்ல வேண்டும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வேகமாகத் தட்டுபவரிடமே கீபோர்டு நின்றுவிடும், தேர்வில் மற்றவர் திணறுவார்.

பழைய கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8 தான் கடைசி, 3.9 ஏறாது. எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் பிழை இன்டென்டேஷன் (வரித் தொடக்க இடைவெளி). பைத்தானோடு வரும் ஐடிஎல்இ எடிட்டர் தானாக நான்கு இடம் விடும், நோட்பேடில் டேப் விழும். வீட்டில் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்ததை லேபில் தொடர்ந்தால் இரண்டும் கலந்து பைத்தான் நின்றுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் பிள்ளைகள் அரை மணி நேரம் தேடுவார்கள்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பயிற்சியில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி வரும். விண்டோஸில் வரிமுடிவு இரண்டு முறை எழுதப்படுவதால் அது. கோப்பைத் திறக்கும்போதே நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுத்தால் போய்விடும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி எக்செலில் திறந்தால் புரியாத குறிகளாக வருகிறது என்பார்கள். என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங் பாடம் எடுக்கும்போது 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் 3 என்பார்கள், பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு தனித்தனியாக எண்ணுகிறது. ஒரு எழுத்துக்கு ஒரு குறியீடு என்ற எண்ணம் அங்கேயே மாறிவிடும், இதற்கு ஆங்கிலச் சொல்லை வைத்துக் காட்டவே முடியாது.

கரண்ட் போய் வந்த பிறகு எக்ஸாம்ப் தொகுப்பில் மைஎஸ்க்யூஎல் (தரவுத்தள சர்வர்) எழவில்லை என்றால், ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழிக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் உண்டு. அழித்தால் பிள்ளைகள் உருவாக்கிய இன்னோடிபி அட்டவணைகள் எல்லாம் போய்விடும். முதலில் டேட்டா கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். பிறகு 3306 போர்ட்டை வேறு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் முன்பு நிறுவிய இன்னொரு மைஎஸ்க்யூஎல் சர்வீஸ்தான் பிடித்திருக்கும். அன்றைய வகுப்பை நிறுத்த வேண்டாம், எஸ்க்யூலைட் பைத்தானோடேயே வருகிறது, தனி சர்வர் தேவையில்லை.

பதில் 6 (சாயல்குடி ஹார்டுவேர்):

விட்டுப்போன ஒன்று. மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். வாடைக் காலத்தில் வடக்கு ஜன்னலையும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்கு, மேற்கு ஜன்னல்களையும் மூடி வையுங்கள், எதிர்ப்பக்கம் திறந்தால் காற்றோட்டத்துக்குப் போதும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது உறை கூடாது, அணைத்து ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். லேப் தரையைக் கிணற்றுத் தண்ணீரில் துடைக்க வேண்டாம் என்று துப்புரவு செய்யும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். காய்ந்ததும் அந்த உப்புதான் தூசியாக எழும்பி ஃபேன் வழியே உள்ளே போகிறது.