பெயர்மோதல் வேறு, பெயர்முந்தல் வேறு

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் இரண்டு கட்டளைகளுக்கு ஒரே பெயர் அமைந்துவிடும் சிக்கலைத் தமிழில் ‘கட்டளை முரண்பாடு’ என்று சொல்லலாம் என முடிவு செய்யும் முன் ஒரு மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேறு சிக்கல்களை அந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் நூலகத்தில் கூடும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலர், தமிழ் எழுத்துகளை எண்ணும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். தேவையான நிரல்தான். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று லினக்ஸ் இயங்குதளத்தில் எழுத்து, சொல், வரிகளை எண்ணும் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது அது. நமக்கு வேண்டியது 3. சரி, அந்த நிரலுக்கு ‘டிசி’ என்று பெயர் வைத்தார்கள். வலையமைப்புப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் ‘டிசி’ ஒன்று லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. ஐபிரூட்2 என்ற வலையமைப்புக் கருவித் தொகுப்போடு வருவது.

மாணவர்கள் தங்கள் நிரலை ‘யூஎஸ்ஆர் லோக்கல் பின்’ அடைவில் போட்டார்கள். தட்டச்சிட்ட கட்டளையை எந்தெந்த அடைவுகளில் எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்தான் ‘பாத்’. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனரின் பாத் வரிசையில்கூட, பழைய டிசி இருக்கும் எஸ்பின் அடைவுக்கு முன்பே இது வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் கிடையாது. வலையமைப்பு ஸ்கிரிப்ட் ஒன்று பழைய டிசியை நம்பி அழைத்தால் எழுத்தெண்ணி வந்து நிற்கும். இதில் மோதல் எங்கே? பாத் வரிசையில் முன்னால் இருந்தது முந்திக்கொண்டது, அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் இது நடக்கும். புதிதாக நிரல் எழுதுகிறவர் ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்து ஓட்டினால் திரையில் ஒன்றும் வராது. நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே ஒரு டெஸ்ட் இருக்கிறது, பாத்தில் தேடும் முன்பே அது ஓடி முடிந்துவிடும்.

உண்மையான மோதல் இப்படி அமைதியாக நடப்பதில்லை. இரண்டு தொகுப்புகள் ஒரே கோப்பை நிறுவப் பார்த்தால், டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி மறுத்து நின்றுவிடும். அமெச்சூர் வானொலிக்காரர்களின் ‘நோட்’ என்ற நிரல் டெபியனில் முன்பே இருந்ததால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் அங்கே ‘நோட்ஜேஎஸ்’ என்ற பெயரில் நிறுவப்பட்டது. 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழுவரை போன வழக்கு அது. இதற்குப் ‘பெயர்மோதல்’ கச்சிதமாகப் பொருந்தும். அமைதியாக நடப்பதற்கு ‘பெயர்முந்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இதற்கே ‘பெயர்மறைப்பு’ என்று முன்னர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் பெயரை வெளியிடாமல் வைப்பது என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். முந்தல் அப்படிக் குழப்பாது. காரணத்தையும் அதுவே சொல்லிவிடுகிறது: வரிசையில் எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் ஓடும். வினையாகவும் இயல்பாக வரும். ‘இந்த நிரல் பழைய கட்டளையை முந்துகிறது’ என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. ‘முந்திய கட்டளை’ என்றால் சற்று முன் தட்டச்சிட்டது என்று பொருள்படும், உண்மைதான். அங்கே ‘முந்தும் கட்டளை’ என்றே எழுதுவோம்.

ஷெல் கையேட்டில் இப்படி வரலாம்: “நிரலுக்குப் பெயர் வைக்கும் முன் ‘டைப் -ஏ’ கொடுத்து, அந்தப் பெயரைத் தேடுங்கள். ஏதாவது அகப்பட்டால் வேறு பெயர் வையுங்கள், இல்லையென்றால் பெயர்முந்தல் ஏற்படும்.”

தீர்வைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘முன்னொட்டு’ போதும், புதுச் சொல் வேண்டாம். மேக் கணினியில் ஹோம்பிரூ என்ற நிறுவல் கருவி வழியாக, லினக்ஸில் வழங்கும் குனூ கருவிகளை நிறுவினால், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ என்பது ‘ஜிஎல்எஸ்’ என்று வரும். வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவது மாதிரிதான். மாணவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், ஒரு கட்டளைக்கு நாமே ஷெல்லில் வைத்துக்கொள்ளும் வேறு பெயரான ஏலியாஸும் ஒரு கட்டளையை முந்தக்கூடியது. அதற்கு நாம் வைத்திருக்கும் ‘மாற்றுப்பெயர்’ என்ற சொல்லோடு பெயர்முந்தல் ஒரே பத்தியில் வரும்போது படிக்கத் தடங்கலாக இருக்கிறதா என்று, ஷெல் கையேட்டை மொழிபெயர்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.