ஸ்டீம் டெக்கை முழுநேர கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளலாமா? (ஹப், வெயில், கரண்ட் கட், தமிழ்99)

திருநகர்_மாடிரூம்:

வணக்கம். பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. கையில் இருப்பது அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டீம் டெக் (வால்வ் கம்பெனியின் கையடக்க கேம் கம்ப்யூட்டர்), எல்சிடி மாடல், 64 ஜிபி. கேம் விளையாடும் உத்தேசம் இல்லை. 1080பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருப்பதால் இதையே முதன்மைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை.

வேலை இதுதான்: பிஎச்பி, மைஎஸ்கியூஎல் வைத்து வெப்சைட் வேலை. லிப்ரே ஆபீஸில் தமிழ்99 தட்டச்சு. ஒரு கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன். எப்போதாவது பிரிண்ட்.

ரூம் மொட்டைமாடியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஏசி கிடையாது. சித்திரை வெயிலை இது தாங்குமா? எந்த மாதிரி ஹப் வாங்க வேண்டும்? 64 ஜிபி போதுமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

---

வைகை_வடகரை:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது ஏஎம்டி ஜென் 2, நான்கு கோர், எட்டு த்ரெட், 16 ஜிபி ராம். நீங்கள் சொன்ன வேலைக்கு இது அதிகம்தான். சிக்கல் பிராசஸரில் வராது. இருக்கிற ஒரே டைப்-சி போர்ட்டில்தான் வரும். சார்ஜ், மானிட்டர், கீபோர்டு, லேன், பென்டிரைவ் என்று அத்தனையும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும்.

ஹப்பில் பார்க்க வேண்டியது: எச்டிஎம்ஐ, கிகாபிட் லேன், மூன்று யூஎஸ்பி-ஏ, முக்கியமாக பிடி பாஸ்த்ரூ (பவர் டெலிவரி, அதாவது சார்ஜரை ஹப்பில் மாட்டி அதன் வழியே டெக்கை சார்ஜ் செய்யும் வசதி). டெக் அதிகபட்சம் 45 வாட் எடுக்கும் (15 வோல்ட், 3 ஆம்பியர்). கூட வந்த சார்ஜரும் அதே 45 வாட்தான். ஆனால் ஹப் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உள்ளே விடும். அதனால் ஹப்புக்கு 65 வாட் பிடி சார்ஜர் வாங்குங்கள். ஃபோன் சார்ஜரை மாட்டாதீர்கள். டப்பாவில் 65, 80 வாட் என்று போட்டிருந்தாலும் அது அந்தக் கம்பெனி ஃபோனுக்கு மட்டும் கிடைக்கிற வேகம். பொதுவான பிடி முறையில் 15 வோல்ட் தருகிறதா என்று சார்ஜர் மேல் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். 9 வோல்ட்டோடு நின்றுவிட்டால் 'மெதுவான சார்ஜர்' என்று எச்சரிக்கை வரும், வேலை செய்துகொண்டே இருந்தால் பேட்டரி ஏறாமல் இறங்கும்.

டவுன்ஹால் ரோட்டில் கேட்கும்போது வெறும் 'டைப்-சி டு எச்டிஎம்ஐ' என்று கேட்டால் சார்ஜிங் ஓட்டை இல்லாத ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். 'பிடி இன்புட் இருக்கணும்' என்று சொல்லிக் கேளுங்கள். டெக்கையும் கையோடு கொண்டுபோய் மானிட்டரில் படம் வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இன்னொன்று, ஹப்பைத் தொங்கவிடாதீர்கள். டைப்-சி போர்ட் மதர்போர்டிலேயே சால்டர் ஆனது, ஆடி ஆடி லூஸானால் பெரிய வேலை. டபுள் டேப் போட்டு ஹப்பை மேஜையில் ஒட்டிவிடுங்கள்.

---

மேலூர்_கீபோர்டு:

ப்ரோ, இது ஆர்ச் லினக்ஸ்தானே. சிஸ்டத்தோட ரீட்-ஒன்லி பூட்டை ஆஃப் பண்ணிட்டு, பேக்மேன்ல (ஆர்ச்சோட பேக்கேஜ் போடுற கட்டளை) பிஎச்பி, மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலா போடுறது) எல்லாம் போட்டுக்கங்க. பத்து நிமிஷ வேலை, அம்புட்டுதான்.

---

ஆனைமலை_டெர்மினல்:

மேலூர் தம்பி சொன்னதைச் செய்யாதீர்கள். போடும்போது பத்து நிமிஷம்தான், அடுத்த அப்டேட்டில் அத்தனையும் போய்விடும்.

டெக்கில் ஓடும் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டத்துக்கு 5 ஜிபி வீதம் இரண்டு பார்ட்டிஷன் உண்டு, ஏ ஒன்று, பி ஒன்று. ஏ-யில் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் வந்தால் முழு சிஸ்டமும் புதிதாக பி-யில் எழுதப்படும், அடுத்த பூட் பி-யில் நடக்கும். பேக்மேனில் நீங்கள் போட்டதெல்லாம் ஏ-யிலேயே நின்றுவிடும். புது அப்டேட் சொதப்பினால் பழையதற்குத் திரும்ப முடிவதும் இதே ஏற்பாட்டால்தான், அதனால் இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். போதாததற்கு அந்த 5 ஜிபியில் காலியிடமும் சொற்பம். மரியாடிபியும் சில லைப்ரரிகளும் ஏறினாலே முட்டும்.

அப்டேட்டுக்குத் தப்புவது ஹோம் பார்ட்டிஷன், அதாவது உங்கள் ஃபைல்கள் இருக்கும் பகுதி. எனவே:

ஆஃபீஸ், பிரவுசர், மெயில் எல்லாம் டிஸ்கவர் (செயலிக் கடை) வழியாக ஃப்ளாட்பாக்காக, அதாவது சிஸ்டத்தைத் தொடாத தனிப் பொதியாகப் போடுங்கள். பென்டிரைவில் உள்ள ஃபைல் ஏதாவது செயலிக்குத் தெரியவில்லை என்றால் ஃப்ளாட்சீல் போட்டு அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள்.

வெப்சைட் வேலைக்கு டிஸ்ட்ரோபாக்ஸ். இது வேறொரு லினக்ஸைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டுகிற கருவி. ஸ்டீம்ஓஎஸ் 3.5 முதல் அதுவும், கன்டெய்னரை இயக்கும் பாட்மேனும் கூடவே வருகின்றன. அதற்குள் ஒரு டெபியன் உருவாக்கி, 'ஆப்ட்' கொண்டு பிஎச்பி, மரியாடிபி போடுங்கள். இதில் நான்கு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள்:

ஒன்று, சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாது. சாதாரணமாக உருவாக்கிய பெட்டியில், சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஓடாது. உருவாக்கும்போதே 'இனிட்' ஆப்ஷனைக் கொடுத்து, கூடுதல் பேக்கேஜாக சிஸ்டம்டியையும் சேர்க்க வேண்டும்.

இரண்டு, 80-ஆம் போர்ட் கிடைக்காது. ரூட் இல்லாத கன்டெய்னர் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க முடியாது. 8080 வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பொதுவானது என்பதால் வெளியே ஃபயர்ஃபாக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று அடித்தால் பக்கம் வந்துவிடும்.

மூன்று, டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள் இருக்கிறது. கன்டெய்னரை அழித்தால் அதுவும் போச்சு. தினமும் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) எடுத்து ஹோமில் போடுங்கள்.

நான்கு, கன்டெய்னருக்கும் வெளியே உள்ள சிஸ்டத்துக்கும் ஹோம் ஒன்றே. 'பெட்டிக்குள்ளேதானே அழிக்கிறோம்' என்று ஹோமில் எதையாவது அழித்தால் உண்மையாகவே அழிந்துவிடும்.

கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடையும் ஃப்ளாட்பாக்காகப் போடாமல் டெபியனுக்குள்ளேயே போட்டு, 'டிஸ்ட்ரோபாக்ஸ்-எக்ஸ்போர்ட்' மூலம் மெனுவுக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ளாட்பாக் விஎஸ் கோடின் டெர்மினலுக்கு உங்கள் பிஎச்பி தெரியாது. பாதிப் பேர் இங்கேதான் வெறுத்துப்போய் விண்டோஸுக்குத் திரும்புவது.

ஆன் செய்தால் கேம் மோடுதான் வரும். நேராக டெஸ்க்டாப்புக்கு வர, கான்சோலில் (டெர்மினல் ஜன்னல்) 'ஸ்டீம்ஓஎஸ்-செஷன்-செலக்ட்' கட்டளையை 'பிளாஸ்மா-பெர்சிஸ்டென்ட்' என்று கொடுத்து ஒருமுறை ஓட்டினால் போதும். டெக் யூசருக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டு கிடையாது. அதை முதல் நாளே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அட்மின் அனுமதி தரும் 'சூடோ' கட்டளை வேலை செய்யாது.

---

கத்திரி_வெயில்:

வெயில் பற்றி. சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி வரை இருப்பதே டெக்குக்கு நல்லது என்று வால்வ் 2022 ஜூலையில் சொன்னது. சிப் 100 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-ல் தானே அணைந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ரூம் மதியம் 35-ல் நிற்காது, 40-ஐத் தாண்டும்.

ஆனாலும் பயப்பட வேண்டாம். அந்த எச்சரிக்கை முழு 15 வாட்டில் கேம் ஓட்டுகிறவர்களை நினைத்துச் சொன்னது. தட்டச்சு, பிரவுசர் வேலைக்கு சிப் அதில் பாதியைக்கூடத் தொடர்ந்து இழுக்காது. எனக்குக் கவலை பேட்டரியைப் பற்றித்தான். நாள் முழுக்க 100 சதவீதத்தில், 40 டிகிரி ரூமில், சார்ஜரோடு கிடந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பும். உள்ளே அது பசை போட்டு ஒட்டியிருப்பதால் மாற்றுவதும் பாடு. ஸ்டீம்ஓஎஸ் 3.7-ல் சார்ஜ் வரம்பு வந்திருக்கிறது. பவர் செட்டிங்ஸில் 80 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

காற்றை முதுகுப்பக்கத் துளை வழியாக இழுத்து மேல்விளிம்பில் வெளியே தள்ளும். மல்லாக்கப் போட்டால் மூச்சு முட்டும். ஸ்டாண்டில் நிமிர்த்தி வையுங்கள், மேல்விளிம்புக்குப் பக்கத்தில் சுவரோ திரையோ வேண்டாம். தூசிக்குத் துணி போட்டு மூடுகிற பழக்கம் இருந்தால் ஆஃப் செய்த பிறகு மூடுங்கள். ஸ்லீப்பில் இருக்கும்போதும் மூட வேண்டாம்.

64 ஜிபி போதாது. சிஸ்டம் போக ஹோமுக்கு 50 ஜிபிக்கும் கீழேதான் மிஞ்சும். ஃப்ளாட்பாக் ரன்டைம்கள், டெபியன், இரண்டு மூன்று ப்ராஜெக்ட் சேர்ந்தாலே மூச்சு வாங்கும். எஸ்டி கார்டில் ஃபைல் வைக்கலாம், டேட்டாபேஸ் ஓட்டக்கூடாது. அந்த 64 ஜிபி இஎம்எம்சி (சேமிப்புச் சிப்) ஒரு சிறு போர்டாக எம்.2 ஸ்லாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கழற்றிவிட்டு 2230 அளவு என்விஎம்இ எஸ்எஸ்டி போடலாம். கடையில் சாதாரணமாகக் கையில் எடுத்துத் தருவது 2280. நுழையவே நுழையாது.

முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் வால்வின் ரெக்கவரி இமேஜை 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் எழுதிவையுங்கள். பிறகு எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். இதை மறந்துவிட்டு மூடியைக் கழற்றினால் கார்டு இரண்டாக உடையும். அணைத்துவிட்டு வால்யூம் பிளஸ், பவர் இரண்டையும் அழுத்தி பயாஸுக்குப் போய் 'பேட்டரி ஸ்டோரேஜ் மோடு' போடுங்கள். பின்னால் எட்டு ஸ்க்ரூ, நான்கு நீளம், நான்கு குட்டை, கலந்துவிடக் கூடாது. எல்சிடி மாடலில் இவை நேரே பிளாஸ்டிக்கில் இறங்குகின்றன. திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் சுற்றி, பழைய மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் முடுக்குங்கள். வலுக்காட்டினால் மரை போய்விடும். மூடியை பிளாஸ்டிக் பிக்கால் நெம்புங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். உள்ளே உலோகத் தகட்டுக்கு மூன்று ஸ்க்ரூ. ஒன்று ஃபாயில் டேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். தகட்டை எடுத்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அப்புறம்தான் எஸ்எஸ்டி. பழைய போர்டின் மேல் சுற்றியுள்ள ஃபாயில் உறையைப் புதியதற்கு மாட்டுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் மூடியபின் சார்ஜர் கொடுத்தால்தான் எழுந்திருக்கும். வால்யூம் மைனஸ், பவர் அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'ரீ-இமேஜ்' கொடுங்கள்.

---

திருநகர்_மாடிரூம்:

அனைவருக்கும் நன்றி. எஸ்எஸ்டி மாற்றிவிடுகிறேன். மிச்சம் இருப்பது தமிழ்99-ம் ஜிஎஸ்டியும். கேடிஇ கீபோர்டு செட்டிங்ஸில் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று இருக்கிறது. ஆனால் 'க' இரண்டு முறை அடித்தால் 'கக' என்றுதான் வருகிறது, 'க்க' வரவில்லை. கோளாறா?

---

ஆனைமலை_டெர்மினல்:

கோளாறு இல்லை. அங்கே இருப்பது எக்ஸ்கேபி லேஅவுட். ஒரு கீயை அழுத்தினால் ஒரு எழுத்து, அவ்வளவே. முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அதற்கு நினைவில்லை. 'க்க', 'ந்த', 'ங்க' என்று தானே புள்ளி வைக்கிற தமிழ்99 விதிக்கு அந்த நினைவு வேண்டும். அதற்கு எஃப்சிடிஎக்ஸ் 5 என்ற தட்டச்சு மென்பொருளை ஃப்ளாட்பாக்கில் போட்டு, கூடவே எம்17என் ஆட்-ஆனையும் போடுங்கள். ஆட்-ஆன் இல்லாமல் பட்டியலில் தமிழ்99 தெரியாது. ஆட்டோஸ்டார்ட்டில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். பக்கத்தில் இதே வேலை செய்யும் ஐபஸ் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், ஒன்றை நிறுத்துங்கள். இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, எக்ஸ்கேபியே போதும்.

அச்சகங்கள் இன்னும் பாமினி, வானவில்லில் ஃபைல் அனுப்பும். அந்த ஃபான்ட்களை ஹோமுக்குள் '.லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் போட்டால் லிப்ரே ஆபீஸில் தெரியும். சிஸ்டம் ஃபோல்டரில் போட வேண்டியதில்லை. பிரிண்ட்டுக்கு மெனக்கெடாதீர்கள். எப்போதாவது என்றால் பிடிஎஃப் ஆக்கி ஃபோனிலிருந்து அடியுங்கள், இல்லையா ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

---

வைகை_வடகரை:

ஜிஎஸ்டி: கடை தனிநபர் உரிமையில் இருந்தால் ஈவிசி போதும். ஃபோனுக்கு ஓடிபி வரும், பிரவுசரிலேயே முடிந்துவிடும். பில் கொஞ்சம் என்றால் போர்ட்டலிலேயே நேராக ஏற்றலாம். ஆஃப்லைன் டூல் விண்டோஸுக்கானது, இங்கே எதிர்பார்க்காதீர்கள். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி குச்சி) கட்டாயம். டோக்கன் டிரைவர், எம்சைனர் (கையெழுத்துப் போடும் மென்பொருள்) என்று அதை வைத்து லினக்ஸில் மல்லுக்கட்டுவது, அதுவும் கெடு நாளான 20-ஆம் தேதி சாயங்காலம், தேவையில்லாத வேலை. டோக்கனை ஆடிட்டரிடமே விட்டுவிடுங்கள். கணக்கு மென்பொருளான டேலியும் விண்டோஸ்தான். தினசரி டேலி வேண்டும் என்கிறவருக்கு டெக் சரிப்படாது, அந்தப் பணத்துக்கு மினி பிசி வாங்கச் சொல்வேன்.

கரண்ட் கட்: டெக் அணையாது, 40 வாட்-அவர் பேட்டரி. ஹப்போடு சேர்த்து 10, 12 வாட் இழுத்தால் நிறைந்த பேட்டரிக்கு மூன்றரை மணி நேரம் கணக்கு. 80 சதவீத வரம்பு வைத்திருந்தால் மூன்றுக்கும் கீழே. மானிட்டர் போய்விடும், ஜன்னல்கள் எல்லாம் 7 அங்குலத் திரைக்கு வந்து குவியும்.

பலரும் கவனிக்காதது வேறு. சார்ஜர் சாகும் அந்தக் கணத்தில் ஹப் ஒருமுறை ரீசெட் ஆகும். அதுவரை ஹப்புக்குக் கரண்ட் கொடுத்தது சார்ஜர், இனிக் கொடுக்க வேண்டியது டெக். அந்தக் கைமாற்றத்தில் கீபோர்டும் மவுஸும் ஒரு நொடி விட்டுத் திரும்பி வந்துவிடும். ஆனால் பேக்கப் ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் பாதி எழுதிய நிலையில் கழன்றுவிடும். கரண்ட் திரும்ப வரும்போதும் இதே கதை. எனவே அந்த 65 வாட் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனிலோ சின்ன யூபிஎஸ்ஸிலோ மாட்டுங்கள். ரவுட்டரும் அதிலேயே இருக்கட்டும். மானிட்டருக்கு இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை. இன்வெர்ட்டர், யூபிஎஸ் இரண்டும் இல்லாத ரூம் என்றால் பேக்கப் டிஸ்க்கை எக்ஸ்ட்4-ல் ஃபார்மட் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (எழுதுவது பாதியில் அறுந்தால் சரிசெய்ய உதவும் பதிவு) கிடையாது.

---

மேலூர்_கீபோர்டு:

சரிண்ணே, பேக்மேன் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கங்க: டெஸ்க்டாப் மோடுல ஸ்டீமை முழுசா மூடிட்டா, ஸ்டீம் பட்டனும் எக்ஸும் அழுத்தினா வர்ற திரைக் கீபோர்டு வராது. கரண்ட் போன நேரத்துல கேபிளையெல்லாம் பிடுங்கிட்டு டெக்கை மட்டும் கையில தூக்கிக்கிட்டு நிழலுக்குப் போனா லாக் ஸ்கிரீன்ல பாஸ்வேர்டு அடிக்க வழியில்லாம நிக்க வேண்டியதுதான். பேட்டரில ஓடும்போது தானா லாக் ஆகுறதை நிறுத்தி வைங்க, இல்லைன்னா பையில ஒரு சின்ன ப்ளூடூத் கீபோர்டு வச்சுக்கங்க.