உதிரிபாகப் பட்டியலை எக்செலிலிருந்து இணைய மென்பொருளுக்கு மாற்றியவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருவொற்றியூரிலிருந்து:

முதலில் என் அனுபவத்தை எழுதுகிறேன். முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை எங்களுடையது. கனரக வாகனங்களுக்கு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை), பிராக்கெட், ஃபிளேஞ்ச் செய்து கொடுக்கிறோம். பல ஆண்டுகளாக எல்லா விவரமும் எக்செலில்தான் இருந்தது. என் கணினியில் ஒரு கோப்பு, ஸ்டோரில் ஒன்று, தரப் பரிசோதனை மேசையில் இன்னொன்று.

2023 நவம்பரில் 180 புஷ்கள் திரும்பி வந்தன. உள்விட்டம் 25 மி.மீ. பழைய டிராயிங்கில் அதற்கான பிசகு வரம்பு எச்8. 33 மைக்ரான் வரை கூடலாம் (ஒரு மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). புதிய ரெவிஷனில், அதாவது திருத்திய டிராயிங்கில், எச்7. 21 மைக்ரானைத் தாண்டக் கூடாது. என் கோப்பில் திருத்தியிருந்தேன். ஸ்டோர் கோப்பில் யாரும் திருத்தவில்லை, லேத்தில் கடையும் டர்னர் கைக்குப் போனது அங்கிருந்து எடுத்த தாள். துளையைச் சோதிக்கும் பிளக் கேஜின் நோ-கோ முனையை, அதாவது சரியான துளைக்குள் நுழையவே கூடாத முனையை, நானே செருகிப் பார்த்தேன். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. துளை சிறிதாக இருந்தால் மறுபடி கடையலாம், பெரிதாகிவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான். அந்த டர்னர் கொடுத்த அளவுக்கு அச்சுப் பிசகாமல் கடைந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாதமே மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் இருந்த ஸ்டோர் கணினி தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகுதான் முதலாளி இணைய மென்பொருளுக்குச் சம்மதித்தார்.

மென்பொருளைப் பழக நான்கு நாள் போதுமாக இருந்தது. பட்டியலைச் சுத்தம் செய்ய மூன்று மாதம் ஆயிற்று. 07-11 என்ற பார்ட் நம்பரை எக்செல் தேதியாக்கி வைத்திருந்தது. அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 45237 என்று வந்து நிற்கிறது. அந்த 45237-ஐயும் பார்ட் நம்பர் என்றே நம்பி ஒரு தட்டில் லேபிள் ஒட்டியிருந்தார்கள்! 00458-இல் முன்னிருந்த பூஜ்யங்கள் காணாமல் போயிருந்தன.

இதையெல்லாம் என்னால் தனியாகச் சரிசெய்திருக்க முடியாது. ஸ்டோர் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் படித்தேன். அவர் பொருளை எடுத்துவந்து மேசையில் வைப்பார். "எம்12 போல்ட்" என்று இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றை அழிக்கப் போனேன்.

"அழிக்காதே தம்பி. இது 1.25 பிட்ச், அது 1.75. மரையில் நகத்தை வைத்துப் பார்."

வைத்துப் பார்த்தேன். ஒன்றின் மரை நெருக்கம், மற்றதில் அகலம். பல ஆண்டுகளாக அந்த வித்தியாசம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை, அவர் விரலில் மட்டும் இருந்திருக்கிறது. மாறப் போகிறவர்களுக்கு நான் மன்றாடிச் சொல்வது இது: உங்கள் ஸ்டோர்காரரை விட்டுவிட்டு ஒரு வரியைக்கூட ஏற்றாதீர்கள்.

இப்போது புதிய ரெவிஷனுக்கு ஒப்புதல் விழுந்தவுடன் பழையது எல்லோர் திரையிலிருந்தும் விலகிவிடுகிறது. மாற்றிய பாகம் பழையதன் இடத்தில் அப்படியே பொருந்துமானால் ரெவிஷன் எழுத்து மட்டும் மாறும், பொருந்தாதென்றால் புதிய பார்ட் நம்பர். இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வியாசர்பாடியிலிருந்து:

நாங்கள் சுத்தம் செய்யாமல் ஏற்றி மாட்டிக்கொண்டோம். இ.என்.8 என்ற எஃகுக் கம்பியை வாங்குவது கிலோவில், வெட்டிக் கொடுப்பது மி.மீட்டரில். எக்செலில் அலகுக்கென்று தனிப் பத்தி கிடையாது. படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டிருந்தோம். மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? கிடங்கில் கம்பி மலைபோல் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்து லேத்தில் போடக் கம்பி இல்லை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுக்கும் நம் பழைய கணக்கைத்தான் பிறகு உள்ளே எழுதிவைத்தோம். 50 மி.மீ கம்பி மீட்டருக்கு 15.4 கிலோ என்று இப்போது அதுவே போட்டுவிடுகிறது.

இன்னொன்று: மெஷின் பக்கத்தில் ஒட்டிய பழைய பிரிண்டுகளைக் கிழித்தெறியுங்கள். நாங்கள் வேலை அட்டையில் க்யூஆர் குறியீடு அச்சிடுகிறோம். ஆப்பரேட்டர் ஸ்கேன் செய்தால் நடப்பு டிராயிங் மட்டுமே திறக்கும்.

மணலியிலிருந்து:

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியேற நினைத்தால் பட்டியலோடு டிராயிங் கோப்புகளும் பழைய ரெவிஷன்களும் நம் கைக்கு வருமா? எங்களுக்குப் பட்டியல் மட்டும்தான் வந்தது. டிராயிங்குகளை ஒவ்வொன்றாக இறக்கினோம், இரண்டு பேர், ஒன்பது நாள்.

திருவொற்றியூரிலிருந்து:

வியாசர்பாடி நண்பருக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் ஸ்டோர் அண்ணனோடு எங்கள் கம்பி வரிகளைத் திறந்து பார்த்தேன். மூன்றில் அலகு தவறாக இருந்தது. இப்போதுதான் திருத்தி முடித்தோம்.